புளி போட்டுத் தேய்த்த முகம்

வியாழக்கிழமை மாலை ஐந்து மணி பத்து நிமிடம். இதை நான் ஞாபகத்திலிருந்து சொல்லவில்லை. நாத்தனாருக்கு அனுப்பிய குரல் செய்தியின் கீழே அந்த நேரம் இன்னும் பதிந்திருக்கிறது.

"அண்ணி, சாமி மேடையில இருக்கிற செம்புத் தகடு ரொம்ப கறுத்துப்போச்சு. தேய்க்கலாமா, இல்ல தேய்க்கக் கூடாதா?"

ஐந்து பன்னிரண்டுக்கு அவர் பதில் வந்தது. "புளி போட்டு நல்லா தேச்சிடும்மா. செம்புதானே. அப்பறம் மஞ்சத்தண்ணி தெளிச்சி வெச்சிரு." பின்னால் அவர் வீட்டுத் தொலைக்காட்சி ஓடுகிறது.

இரண்டையும் நான் அழிக்கவில்லை. பல தடவை போட்டுக் கேட்டுவிட்டேன். நாத்தனார் சொன்னதற்காக இல்லை, என் குரலுக்காக. அதில் ஏதாவது தெரிகிறதா என்று. ஒன்றும் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை விளக்கு வைக்க வியாழக்கிழமையே பித்தளையைத் தேய்த்து வைக்கிற ஒரு பெண்ணின் சாதாரணக் குரல் அது.

நாத்தனார் கொடுத்த யந்திரத் தகடு என்று நினைத்து நான் எடுத்தது, என் மகள் மூன்று மாதமாகச் செய்துகொண்டிருந்த செம்புப் பலகை. அதில் ஒரு பளிங்குச் சிலையின் முகம் இருந்தது. திங்கட்கிழமை அதன் அச்சுப் படத்தை அவள் கல்லூரியில் ஒப்படைக்க வேண்டும்.

அந்த முகம் எங்கள் வீட்டுக்கு எப்படி வந்தது என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

என் அப்பா பண்டார் பாரு பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் துரை பங்களாவுக்குச் சமையல்காரர். அந்த பங்களாவின் சாப்பாட்டு அறையில் மூன்று படங்கள் தொங்கின. கறுப்புச் சட்டம், உள்ளேயும் கறுப்பு, அந்தக் கறுப்புக்கு நடுவில் ஒரு வெள்ளைத் தலை. உடம்பு கிடையாது. மார்போடு நின்றுவிடும். ஒன்று வழுக்கைத் தலை ஆள், ஒன்று சுருட்டை முடி இளைஞன், மூன்றாவது ஒரு பெண். அவளுக்கு மூக்கு நுனி உடைந்திருந்தது. எல்லாம் ஐரோப்பாவில் எங்கோ இருந்த பழைய பளிங்குச் சிலைகளைப் பார்த்து யாரோ செய்த அச்சுப் படங்கள். எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். பள்ளி விட்டு வந்து குசினிக் கதவருகே நின்று அப்பாவுக்காகக் காத்திருப்பேன். விருந்தாளிகள் சாப்பிட்டு முடிக்கும்வரை அப்பா தட்டைப் பிடித்துக்கொண்டு அந்தத் தலைகளுக்குக் கீழே நிற்பார். படங்கள் உயரத்தில் மாட்டியிருந்ததால் அவை மூன்றும் அப்பாவின் உச்சந்தலையைப் பார்ப்பதுபோல எனக்குத் தோன்றும். கண்களில் கருவிழியே இல்லாமல் எப்படிப் பார்க்கும் என்று யோசித்ததில்லை.

வெள்ளைக்காரத் துரை போனார், மலாய்க்காரத் துரை வந்தார், படங்கள் அங்கேயே இருந்தன. தோட்டத்தை விற்று வீடு கட்ட மண்ணைத் தள்ள ஆரம்பித்தபோது, பங்களாவின் வேண்டாத சாமான்களை வாசலில் குவித்தார்கள். அப்பா இந்த மூன்றையும் மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஏன்ப்பா என்று கேட்டேன். "தூசி தட்டித் தட்டி பழகிப்போச்சு" என்றார். அவர் இறந்த பிறகு படங்கள் சுங்கைப்பட்டாணியில் எங்கள் தாமான் குடியிருப்பு வீட்டுக்கு வந்தன. என் வீட்டுக்காரர்தான் கூடத்தில் மாட்டினார். நான் வேண்டாம் என்றேன். அவர் ஆணி அடித்துக்கொண்டே, "சொவரு காலியாத்தானே கெடக்கு" என்றார்.

தீபாவளிக்கு வருகிறவர்கள் முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்ப்பார்கள்.

"யாரு இது, ஒங்க தாத்தாவா? நல்லா செகப்பா இருந்திருக்காரே!"

"அது செலைங்க."

"செலையா? செத்தவங்களத்தானே இப்பிடி தலைய மட்டும் போட்டு மாட்டுவாங்க. ஒரு பல்பு போட்டுவுடுங்க, பாக்க நல்லாருக்கும்."

ஒரு அமாவாசையன்று நாத்தனார் வந்தவர், பொட்டில்லாத படங்களைப் பார்க்கச் சகிக்காமல் மூன்று கண்ணாடிக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டார். வழுக்கைத் தலையருக்கு விபூதிப் பட்டையும் கிடைத்தது. என் மகளுக்கு அப்போது எட்டு வயது. பள்ளிச் சட்டையின் நுனியால் துடைத்துக்கொண்டே, "அத்த, இவங்க சாமியும் இல்ல, செத்தவங்களும் இல்ல, வெறும் படம்" என்றாள்.

"வெறும் படமா? முழியே இல்ல பாரு. கண்ணு தொறக்காத செலைய வீட்ல வெச்சிருந்தா ஆவாதுலா. ஒங்கம்மாக்கிட்ட சொல்லு."

அம்மாவுக்குச் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. நானே கழற்றக் காரணம் தேடிக்கொண்டிருந்தேன். மகள் ஐந்தாம் படிவத்தில் எஸ்.பி.எம். சோதனை எழுதும் ஆண்டில் காரணம் கிடைத்தது. கணக்குப் புத்தகத்தின் ஓரமெல்லாம் அந்தப் பெண்ணின் தலையை வரைந்து வைத்திருந்தாள். படங்களைக் கழற்றி ஸ்டோர் அறையில் பழைய பாய்களுக்குப் பின்னால் சொருகினேன். மறுநாள் பெண்ணின் படம் மட்டும் அவள் அறைச் சுவரில் இருந்தது. நானும் பார்க்காததுபோல இருந்துவிட்டேன். எங்கள் சண்டைகள் எல்லாமே இப்படித்தான் சத்தமில்லாமல் நடந்தன.

நான் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் கிராணி, எழுத்தர் வேலை. மகள் கணக்கியல் படிப்பாள், அல்லது தாதிமை படிப்பாள் என்று பல பேரிடம் சொல்லி வைத்திருந்தேன். அவள் பினாங்கில் ஓவியக் கல்லூரிக்குப் போனாள். கையெழுத்துப் போட்டது அவள் அப்பா. மூன்று வருடமாக வார இறுதிகளில் வீட்டுக்கு வந்து போனாள். சாப்பிட்டாயா, துணி துவைத்தாயா, மோட்டாரை மெதுவாக ஓட்டு, இவ்வளவும் கேட்டேன். என்ன படிக்கிறாய் என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

கடைசி ஆண்டில் வீட்டிலேயே வேலை செய்ய ஆரம்பித்தாள். சிலைத் தலைகளாக ஐந்து அச்சுப் படங்கள் ஒப்படைக்க வேண்டும். அவள் அறையிலிருந்து கர்ர், கர்ர் என்று ஒரே சத்தம். பிறை மாதிரி வளைந்த விளிம்பில் மயிரிழைப் பற்கள் உள்ள ஒரு இரும்புக் கருவியைச் செம்புப் பலகையின் மேல் தொட்டில் ஆட்டுவதுபோல ஆட்டுவாள். குறுக்கே, நெடுக்கே, கோணலாக, ஒரே பலகையை நாள் கணக்கில். என்ன செய்கிறாள் என்று சாப்பாட்டு மேசையில் அவள் அப்பா கேட்டார். நான் அடுப்படியில் நின்று காதில் வாங்கினேன்.

"இதுக்குப் பேரு மெசோடின்ட்ப்பா. பலக முழுக்க பொடிப்பொடியா முள்ளு எழுப்பிவுடணும். அப்பிடியே மை போட்டு அச்சடிச்சா முழுக் கறுப்பா வரும், வெல்வெட்டு மாதிரி. அப்பறம் எங்க வெள்ள வேணுமோ அங்க அந்த முள்ள அமுக்கி அமுக்கி வழவழன்னு ஆக்கணும். கறுப்புலேருந்து மொகத்த வெளிய எடுக்கிறது. நம்ம தாத்தா கொண்டாந்த படமெல்லாம் இதேதான். எங்க லெக்சரர் பாத்தவொடனே சொன்னாங்க."

"அந்த முள்ளு ஒடஞ்சிபோனா?"

"போச்சு. வெரலால அழுத்தித் தேச்சாகூட கொஞ்சம் போயிரும். அதான் துணி சுத்தி வெக்கிறேன்."

இதை நான் கேட்டேன். கேட்கவில்லை என்று இப்போது சொல்ல முடியாது. கொத்தமல்லி நறுக்கிக்கொண்டிருந்தேன், காதில் விழுந்தது. அன்று நான் சொன்ன ஒரே வார்த்தை வேறு. தட்டைக் கொண்டுபோய் வைக்கும்போது, "அஞ்சு படமும் வெள்ளக்காரன் தலதானா? நம்ம ஆளுங்க மூஞ்சி ஒன்னும் கெடைக்கலியா ஒனக்கு?" என்றேன்.

"அது வெள்ளக்காரன் இல்லம்மா, கல்லு."

"அந்தக் கல்லுக்குக் கீழதான் ஒன் தாத்தா தட்டு புடிச்சிட்டு நின்னாரு."

"தாத்தாதான் அத வீட்டுக்கும் கொண்டாந்தாரு" என்றாள். அவள் அப்பா சிரித்துவிட்டார். எனக்கு அந்தச் சிரிப்பு பல நாள் வலித்தது.

நான்கு பலகைகள் முடிந்து அச்சும் எடுத்தாகிவிட்டது. ஐந்தாவதுதான் மூக்குடைந்த பெண். அதில் சோதனைக்காக ஒரே ஒரு அச்சு எடுத்துப் பார்த்திருந்தாள். வெள்ளிக்கிழமை கல்லூரிக்குப் போய் மீதியை அச்சடிப்பதாக ஏற்பாடு. எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு, நான்தான் பழக்கினேன். ஆறாம் ஆண்டுச் சோதனையிலிருந்து எந்தச் சோதனைக்குப் போவதாக இருந்தாலும் முதல் நாள் அனுமதிச் சீட்டையும் பேனாவையும் சாமி மேடையில் முருகன் காலடியில் வைத்து எடுத்துக்கொண்டு போக வேண்டும். கல்லூரிக்குப் போன பிறகு அவள் இதையெல்லாம் விட்டுவிட்டாள் என்றுதான் நினைத்திருந்தேன். வியாழக்கிழமை காலையில் அவள் அந்தப் பலகையைத் தன் அப்பாவின் பழைய மஞ்சள் வேட்டித் துண்டில் சுற்றி முருகன் காலடியில் வைத்திருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தாளோ என்னவோ.

அதே மேடையில் நாத்தனார் கோயில் பூசாரியிடம் மந்திரித்து வாங்கிக் கொடுத்த யந்திரத் தகடும் இருந்தது. மகளுக்கு நல்ல இடத்தில் வரன் அமைய. அதுவும் செம்பு, அதுவும் மஞ்சள் துணியில் சுற்றியது. ஆனால் அது உள்ளங்கை அளவு. இது நோட்டுப் புத்தகம் அளவு.

மூக்குக் கண்ணாடி போடவில்லை. அது உண்மை. குத்துவிளக்கு, தூபக்கால், சொம்பு, மணி எல்லாவற்றையும் பின்கட்டுத் தொட்டிக்குக் கொண்டுபோனேன். துணியைப் பிரித்தேன். மேலே மெத்தென்று கறுத்து, பாசி பிடித்ததுபோல இருந்தது. அப்போதுதான் நாத்தனாருக்கு அந்தச் செய்தி அனுப்பினேன். பதில் வந்ததும் ஊறவைத்த புளியை எடுத்துத் தடவி, உப்பைத் தூவி, கம்பி நாரால் மேல் மூலையிலிருந்து தேய்த்தேன். செம்பு பளீரென்று வந்தது. எனக்குத் திருப்தியாக இருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அழுக்குப் போய்ப் பாத்திரம் மின்னுவதைப் பார்க்கிற அந்தச் சின்ன மகிழ்ச்சி எனக்கு வந்தது.

பாதி தேய்த்ததும் தண்ணீர் விட்டு அலசி, பின்கதவு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். தேய்க்காத பாதியில் ஒரு கன்னம் இருந்தது. அதை ஒட்டி உடைந்த மூக்கு. ஒரு கண்ணின் கீழ் இமை. ஈரத்தில் அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது.

கை நின்றுவிட்டது. குழாய் ஓடிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. பக்கத்து வீட்டுச் சீனப் பெண் துணி எடுக்க வந்து, என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனாள். நானும் தலையசைத்தேன்.

பிறகு மீதியையும் தேய்த்தேன்.

இந்த இடத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. பாதி போய்விட்டது, மீதி இருந்து என்ன என்று நினைத்தேன் என்று சொல்லலாம். பயத்தில் கை தானாக ஓடியது என்று சொல்லலாம். இரண்டையும் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன், ஒட்டவில்லை. அந்த நேரத்தில் மனத்தில் எந்த வார்த்தையும் இல்லை. குசினிக் கதவருகே நின்ற பத்து வயதுப் பெண் உள்ளே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள் என்றெல்லாம் எழுதினால் அழகாக இருக்கும். அப்படியும் இல்லை. ஐம்பது வயதைத் தாண்டிய, படித்த, சம்பளம் வாங்குகிற ஒரு பெண் தன் மகளின் மூன்று மாத வேலையைக் கண்ணால் பார்த்த பிறகு தேய்த்தாள். பின் அதைக் கழுவி, விளக்குகளோடு தட்டுக்கூடையில் காய வைத்தாள்.

மகள் ஆறு மணிக்குப் படங்களைப் பொதிய அட்டையும் மெல்லிய தாளும் வாங்கிக்கொண்டு வந்தாள். நேராகச் சாமி மேடைக்குப் போனாள்.

"அம்மா, இங்க வெச்சிருந்தது எங்க?"

"வெளக்கெல்லாம் தேச்சேன். அங்க காயுது பாரு."

கூடையிலிருந்து பலகையை எடுத்தாள். கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், அதோடு முடிந்திருக்கும். அவள் ஜன்னல் அருகே போய்ப் பலகையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தாள். கட்டைவிரலை மேலிருந்து கீழே மெதுவாக ஓட்டினாள்.

"அத்த குடுத்த தகடுன்னு நெனச்சேம்மா. கண்ணாடி போடல."

"அத்த தகடு இத்துனூண்டு."

"துணி சுத்தியிருந்துச்சா, சாமித் துணின்னு..."

"ம்" என்றாள்.

பலகையை மேசையில் வைத்தாள். கைப்பேசியையும் அதன் பக்கத்தில் வைத்தாள். ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போனாள். மோட்டார் சத்தம் முனை திரும்பும்வரை கேட்டது. கைப்பேசி இல்லாமல் அவள் கடைக்குக்கூடப் போனதில்லை.

விடியும்வரை வரவில்லை. விட்டுப்போன கைப்பேசியை எங்களால் திறக்க முடியாமல், வெள்ளிக்கிழமை காலையில் அவள் சிநேகிதியின் முகவரி கிடைக்குமா என்று பார்க்க அறைக்குள் போனேன். மேசையில் அந்தச் சோதனை அச்சு இருந்தது. இந்தத் தடவை கண்ணாடி போட்டிருந்தேன். கறுப்பு என்றால் அப்படி ஒரு கறுப்பை நான் பார்த்ததில்லை. தொட்டால் விரல் உள்ளே போய்விடும்போல இருந்தது. அதற்குள்ளிருந்து நெற்றி, பிறகு கன்னம், விளக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூண்டியதுபோல வெளியே வந்துகொண்டிருந்தது. சுவரில் இருந்த பழைய படத்தையும் பார்த்தேன். அதைச் செய்தவன் உடைந்த மூக்கு சட்டென்று தெரியாதபடி அந்தப் பக்கத்தை நிழலில் தள்ளியிருந்தான். என் மகள் அந்த உடைந்த இடத்தை வெளிச்சத்துக்குத் திருப்பியிருந்தாள். இவ்வளவு வருடமாக அந்தப் படத்தின் கீழேயே நடமாடியும் எனக்கு இது தெரியவில்லை.

முகவரி கிடைத்தது. தஞ்சோங் டாவாய். கூடப் படிக்கிற மலாய்ப் பெண். என் வீட்டுக்காரர் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டுக் காடியில் என்னை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். பலகையை நான் தேய்த்துவிட்டது அவருக்கு அதற்குள் தெரியும். மெர்போக் தாண்டியதும் கேட்டார்.

"வேணும்னே செஞ்சியா?"

"என்னாங்க பேசுறீங்க!"

"கேக்குறேன். ஆமாவா, இல்லியா?"

"இல்ல."

"சரி" என்றார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களில் இவ்வளவு சீக்கிரம் வாயிலிருந்து வந்தது வேறு இல்லை.

அதற்குள் நாத்தனாருக்கும் விஷயம் எட்டி, அவர் அழைப்பு வந்தது. அவர் குரல் காடி முழுக்க நிறைந்தது.

"தம்பி, நான் தகடத் தேக்கத்தான் சொன்னேன். படத்தையா தேக்கச் சொன்னேன்? ஊருல நாளைக்கி எம்பேரு அடிபடக் கூடாது, சொல்லிட்டேன்."

"யாரும் ஒன்னும் சொல்லலக்கா."

"ஒம்பொண்டாட்டி சொல்லுவா. அவ அன்னிக்கே அந்தப் படங்கள கழட்டி ஸ்டோர்ல சொருவுனவதானே. அடுப்புல வெக்காம வுட்டாளேன்னு பாரு."

என் வீட்டுக்காரர் அழைப்பைத் துண்டிக்கவில்லை. நான்தான் கையை நீட்டித் துண்டித்தேன்.

தஞ்சோங் டாவாயில் அந்தப் பெண்ணின் தாய் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் கையைக் கழுவிவிட்டு வந்தார். தன் மகள் பினாங்கில்தான் இருக்கிறாள், நேற்று இங்கே யாரும் வரவில்லை என்றார். அவளுக்குப் போன் போட்டுப் பார்த்தார், எடுக்கவில்லை. வகுப்பில் இருப்பாள், எடுத்ததும் சொல்கிறேன் என்று என் எண்ணை வாங்கிக்கொண்டார். என்ன நடந்தது என்று கேட்டார். மலாயில் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சாமி கும்பிடும் தகடு என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன். "சின்ன சண்டை" என்றேன். அவர் என் தோளைத் தொட்டு, பிள்ளைகள் அப்படித்தான் என்றார். பிள்ளையின் தவறு என்று அவர் நினைத்துக்கொண்டார். நான் மறுக்கவில்லை.

கடலைப் பார்த்தால் அவள் மனம் கொஞ்சம் ஆறும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். பள்ளி விடுமுறைக்கு அடிக்கடி கோத்தா கோலா மூடாவுக்குப் போவோம். ஆற்றைச் சுற்றிக்கொண்டு அங்கே போனோம். அலைத்தடுப்புப் பாறைகளுக்கு வெளியே ஒரு மோட்டார் நின்றது. அதே நிறம். பாறை மேல் அவளுடையதுபோலவே ஒரு சிவப்பு ஹெல்மெட், கவிழ்த்து வைத்தபடி. பக்கத்தில் யாரும் இல்லை.

நான் காடிக் கதவைப் பிடித்தபடி நின்றேன். அவர் ஓடினார். செருப்பு கழன்று விழுந்ததையும் கவனிக்காமல் பாறைக்குப் பாறை தாவி ஓடினார். அவர் முதுகைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீரைப் பார்க்க முடியவில்லை. நான் பாதியில் நின்றேனே, பிறகு தேய்த்தேனே என்று அது மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. அப்போது பாறைகளின் அடியிலிருந்து ஒரு சீனக் கிழவர் தூண்டிலோடு ஏறி வந்தார். என் வீட்டுக்காரரைப் பார்த்துத் திகைத்து, தன் ஹெல்மெட்டை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார். திருட வந்தவர் என்று நினைத்திருப்பார்.

அன்றிலிருந்து சிவப்பு ஹெல்மெட் போட்ட யாராவது எங்கள் வீட்டு முன்னால் போனாலும் நான் சுவரைப் பிடித்துக்கொள்கிறேன்.

வெள்ளி மதியம் அந்தச் சிநேகிதியிடமிருந்து செய்தி வந்தது. மகள் அவளுடைய அறையில் இருக்கிறாள், நன்றாக இருக்கிறாள், இப்போது பேச விரும்பவில்லை. அதன் கீழே இன்னொன்றை அனுப்பி அழித்திருந்தாள், அழித்த அடையாளம் மட்டும் இருந்தது. என் வீட்டுக்காரர் அதைப் படித்துவிட்டு மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதார். உயிரோடு இருக்கிறாள். ஆனால் திரும்பி வருவாளா? அவள் வருவாள், நாலு நாள் கோபம் என்றார் அவர். அவருக்கு நான் சொன்ன 'இல்லை' மட்டும்தான் தெரியும். அவள் ஏன் வர வேண்டும் என்று நினைத்தவள் நான்.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்தார். முருகன் படத்தை நகர்த்திப் பார்த்து, பின்னால் சாய்ந்து கிடந்த தம்முடைய சின்னத் தகட்டைக் கண்டெடுத்தார். அதைப் புடவைத் தலைப்பால் துடைத்து என் முன்னால் நீட்டினார்.

"இதுவும் அதுவும் ஒன்னா ஒனக்கு?"

"கண்ணாடி போடலண்ணி."

"கண்ணாடி போடாமத்தான் ஆபீஸ்ல ரெஜிஸ்டர் எழுதுறியா? என்கிட்டயே வெளயாட்டு காட்டாத. ஒரு வார்த்த கேட்டுட்டுத் தேச்சா பழி என் மேல வந்துரும்னு கணக்கு."

அப்படி நான் கணக்குப் போடவில்லை. அந்த ஒன்றை மட்டும் என்னால் சத்தியமாகச் சொல்ல முடியும். ஆனால் அவரிடம் சத்தியம் செய்ய வாய் வரவில்லை. அவர் தேநீர் குடிக்காமல் போனார். அவர் கோபத்தில் தேநீரை மறுத்ததை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

திங்கட்கிழமை ஒப்படைக்கும் நாள். அலுவலகத்தில் உட்கார்ந்து பிள்ளைகளின் வருகைப் பதிவைத் தட்டச்சு செய்தேன். எந்தப் பெயரைத் தட்டினேன் என்று தெரியாமல் தட்டினேன். பதினொரு மணிக்கு அவளிடம் கேள்வி கேட்பார்கள் என்று அவள் அப்பா சொல்லியிருந்தார். பதினொரு மணிக்குக் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன்.

செவ்வாய்க்கிழமை மாலை நான் வேலை முடிந்து வந்து கேட்டைத் திறக்கும்போது பின்னால் மோட்டார் வந்து நின்றது. அவள்தான். இறங்கவில்லை. இன்ஜினை அணைத்தாள், ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. யாருடைய சட்டையோ போட்டிருந்தாள்.

"உள்ள வாம்மா. சாப்டியா?"

"சாப்டேன்."

"நேத்து என்னாச்சு?"

"நாலு குடுத்தேன். அஞ்சாவது எங்கன்னு கேட்டாங்க. வீட்ல கழுவிட்டாங்கன்னு சொன்னேன். சிரிச்சாங்க. அடுத்த செமஸ்டர்ல மறுபடியும் செய்யணும்."

"நெசமாவே எனக்குத் தெரியாதும்மா. அத்த குடுத்த தகடுன்னுதான்..."

கையைத் தூக்கினாள், போதும் என்பதுபோல. பெரிதாக இல்லை, ஹெல்மெட்டின் மேலிருந்து கொஞ்சம். என்னைவிடச் சோர்ந்துபோன ஒருத்தியிடம் பேசுவதுபோல மெதுவாகப் பேசினாள்.

"அம்மா, அன்னிக்கி பிளேட்ட வெளிச்சத்துல சாச்சிப் பாத்தேன். மேல பாதியில கீறல் எல்லாம் வட்ட வட்டமா இருக்கு, வெளக்கு தேக்கிற மாதிரி. கன்னத்துக்கிட்ட வந்ததும் அது நின்னுபோச்சு. அதுக்குக் கீழ ஒரு வட்டம்கூட இல்ல. எல்லாம் நேரு கோடு, அழுத்தி அழுத்தி. யாருக்கும் அது தெரியாது, நான் அப்பாக்கிட்டயும் சொல்லல. பாத்துட்டுதான் தேச்சீங்க. ஏன்னு மட்டும் சொல்லுங்க. நான் உள்ள வர்றதா வேணாமான்னு அதுக்கப்பறம் சொல்றேன்."